வைட்டமின் டி குறைந்தால் மார்பகப் புற்றுநோய் வருமா? வாசகியர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கொங்கு வட்டாரத்து வாசகியரிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் ஒரே அச்சம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்பதே அது. எனவே இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். எனக்கு 46 வயது. கை கால் அசதியும் இடுப்பு வலியும் இருந்ததால் ஈரோட்டில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். வைட்டமின் டி 11 என்று வந்தது. அண்ணன் மனைவியான எங்கள் நங்கைக்குச் சென்ற ஆண்டு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்கும் இந்தச் சத்து குறைவாகவே இருந்ததாம். என் அம்மாவின் தங்கைக்கும் அறுபது வயதுக்கு மேல் இதே நோய் வந்தது. ரத்தத்தில் வைட்டமின் டி 60க்கு மேல் இருந்தால் மார்பகப் புற்றுநோய் 80 சதவீதம் வராது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அப்படியானால் 11 உள்ள எனக்கு வந்தே தீருமா? இரவில் தூக்கமே வருவதில்லை.
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். 11 என்ற அந்த எண் (ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 11 நானோகிராம்) மார்பகப் புற்றுநோய் வரப்போகிறது என்பதற்கான அறிகுறி அன்று. தங்கள் எலும்பும் தசையும் சத்துக் குறைவால் தவிக்கின்றன என்பதை அது சொல்கிறது. தங்கள் அசதிக்கும் இடுப்பு வலிக்கும் அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் எளிது. புற்றுநோய் அச்சத்தை அந்த எண்ணோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாக எழுதினால்தான் தங்களுக்குத் தூக்கம் வரும் என்பதால், பொறுமையாகப் படியுங்கள்.

இந்த எண்ணம் காற்றிலிருந்து வந்ததன்று. அமெரிக்காவில் வெயில் குறைந்த வடபகுதிகளில் குடற்புற்றுநோய் இறப்புகள் கூடுதலாக இருப்பதைக் கவனித்த கார்லண்ட் சகோதரர்கள், தோலில் வெயில் பட்டு உருவாகும் வைட்டமின் டி ஒரு பாதுகாப்பாக இருக்கலாம் என்று 1980இல் எழுதினார்கள். பத்தாண்டுகள் கழித்து மார்பகப் புற்றுநோய்க்கும் அதே கருத்து நீட்டிக்கப்பட்டது. ஆய்வுக்கூடச் சான்றும் அதற்குத் துணை நின்றது. மார்பகத்தின் செல்களில் வைட்டமின் டியை ஏற்கும் ஏற்பிகள் உள்ளன. கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்படும் புற்றுநோய்ச் செல்களின்மீது அதன் செயல்வடிவமான கால்சிட்ரையாலைச் செலுத்தினால் அவை பெருகும் வேகம் குறைகிறது. அதன்பின் பல நாடுகளில் பெண்களின் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நோய் கண்டவர்களிடம் வைட்டமின் டி சற்றுக் குறைவாக இருப்பதும் அடிக்கடி தெரியவந்தது. தங்கள் நங்கையின் ரத்த அறிக்கையும் அந்த வரிசையில் வருவதுதான்.

ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நாள்தோறும் நடக்கும் ஒரு பெண்ணையும், நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே அடைந்து உடல் எடை கூடிவிட்ட ஒரு பெண்ணையும் எண்ணிப் பாருங்கள். நடப்பவர் வெளியே அதிக நேரம் இருப்பதால் அவருக்கு இந்தச் சத்து கூடுதலாக இருக்கும். எடை கூடியவருக்கோ அந்தச் சத்து உடற்கொழுப்பில் போய்த் தங்கிவிடுவதால் ரத்தத்தில் குறைவாகவே காட்டும். மாதவிடாய் நின்ற பிறகு உடற்பருமன் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதும், உடலுழைப்பு அதைக் குறைக்கிறது என்பதும் நன்கு உறுதியான செய்திகள். அப்படியானால் நோய்க்குக் காரணம் எடையா, உழைப்பின்மையா, வைட்டமினா என்பதை ரத்த அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்தறிய இயலாது. அதோடு, நோய் வந்தபின் உணவு குறைந்து, வெளியே செல்வது நின்று, சிகிச்சையாலும் களைத்துப்போவதால் சத்து குறைவதும் உண்டு. தங்கள் நங்கைக்கு ரத்தம் எடுத்தது நோய் கண்டறியப்பட்டதற்கு முன்பா, பின்பா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரே வழி, பெரும் எண்ணிக்கையிலான மக்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வைட்டமினும் மறுபிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதுதான். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களுக்கு ஏழு ஆண்டுகள் சுண்ணாம்புச் சத்தும் நாளொன்றுக்கு 400 யூனிட் வைட்டமின் டியும் கொடுத்துச் செய்த ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. சத்து பெற்றவர்களில் 528 பேருக்கும் போலி மாத்திரை பெற்றவர்களில் 546 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவே நேரக்கூடிய அளவுதான். 400 யூனிட் போதாது என்று சிலர் வாதிட்டதால், அடுத்து 25,871 ஆண் பெண்களை வைத்து நாளொன்றுக்கு 2,000 யூனிட் கொடுத்து ‘வைட்டல்’ என்ற ஆய்வு நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், வைட்டமின் உண்டவர்களில் 124 பேருக்கும் உண்ணாதவர்களில் 122 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. பிறவியிலேயே மரபணு அமைப்பால் இந்தச் சத்து குறைவாக இருப்பவர்களை ஆராய்ந்து 2017இல் வெளியான பெரிய ஆய்விலும், அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வருவதற்கான சான்று கிடைக்கவில்லை.

தங்களுக்கு வந்த அந்த ‘80 சதவீதம்’ செய்தியின் வேர் 2018இல் வெளியான ஒரு கட்டுரையாக இருக்கும். 55 வயதைக் கடந்த 5,038 பெண்களின் விவரங்களைத் திரட்டி, 60க்கு மேல் உள்ளவர்களையும் 20க்குக் கீழ் உள்ளவர்களையும் ஒப்பிட்டு அந்தக் கணக்கைப் போட்டிருந்தார்கள். அந்த ஐயாயிரம் பேரில் நோய் கண்டவர்கள் மொத்தமே 77 பேர். அவர்களைப் பல பிரிவுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே மிஞ்சுவார்கள். மேலும், அவர்களில் ஒரு பகுதியினர் தாமாகவே முன்வந்து சத்தின் அளவைச் சோதித்துக்கொண்ட, உடல்நலத்தில் ஏற்கெனவே அக்கறை கொண்ட பெண்கள். இந்தக் குறைகளைச் சொல்லாமல் ஒற்றை எண்ணை மட்டும் ஊரெங்கும் பரப்புவது, தங்களைப் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதே எனக்குப் பெரும் வருத்தம். மாத்திரை ஆய்வுகளில் தங்களைப் போல மிகக் குறைந்த அளவில் இருந்தவர்கள் சிலரே என்பது உண்மைதான். ஆகவே ஆராய்ச்சி முற்றிலும் முடிந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். ஆனால் மாத்திரை மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கான சான்று இன்று இல்லை.

இனித் தங்கள் குடும்பத்துக்கு வருவோம். நங்கை தங்கள் வீட்டுக்கு வந்த மருமகள். அவருக்கும் தங்களுக்கும் ரத்த உறவு இல்லாததால் அவரது நோய் தங்கள் வாய்ப்பைக் கூட்டாது. (அவருடைய பெண் பிள்ளைகளுக்கு அது பொருந்தும், அவர்கள் தம் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும்.) தாங்கள் கவனிக்க வேண்டியவர் அம்மாவின் தங்கையான சின்னம்மாதான். அவருக்கு அறுபதுக்கு மேல் வந்திருப்பதால் அதன் தாக்கம் மிதமானதே. ஆயினும் அம்மா வழியிலோ அப்பா வழியிலோ ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தவர், சினைப்பைப் புற்றுநோய் வந்தவர், மார்பகப் புற்றுநோய் வந்த ஆண் எவரேனும் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை விசாரியுங்கள். அப்படி யாராவது இருந்தால் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. எவரும் இல்லாவிட்டாலும், 46 வயதில் ஒரு மருத்துவரிடம் மார்பகத்தைக் கைப்பரிசோதனை செய்துகொண்டு, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எப்போது தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்துக் குறைவுக்கு வழக்கமாக 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் எழுதித் தருவோம். வெறும் வயிற்றில் விழுங்காமல், எண்ணெயோ நெய்யோ சேர்ந்த உணவுக்குப் பின் உட்கொண்டால் உடலில் நன்றாகச் சேரும். அந்த எண்ணை 60க்கு ஏற்றியே தீர வேண்டும் என்று எண்ண வேண்டாம். எலும்பின் நலத்துக்கு 20ஐத் தாண்டினால் பெரும்பாலோருக்குப் போதும் என்று அமெரிக்காவின் ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பு 2010இலேயே சொல்லிவிட்டது.

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டைலராக இருக்கிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறேன். வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தும் எனக்குச் சத்துக் குறைவு என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி இளவெயிலில் நின்றால் போதுமா? இதனால் புற்றுநோய் வருமா?
*வாசகி, திருப்பூர்*

பதில்: புற்றுநோய் பற்றிய ஐயத்துக்கு மேலே சொன்ன பதிலே தங்களுக்கும் பொருந்தும். வெயில் பற்றித் தாங்கள் கேட்டிருப்பது மிக நல்ல கேள்வி. நம் தோலில் வைட்டமின் டியை உண்டாக்குவது சூரிய ஒளியில் உள்ள புற ஊதா ‘பி’ கதிர். கொங்கு நாடு ஏறத்தாழ 11 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் ஆண்டு முழுவதும் இந்தக் கதிர் நமக்குக் கிடைக்கிறது. ஆனால் சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும் அதிகாலையிலும் மாலையிலும் அது காற்றுமண்டலத்திலேயே பெரிதும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே ஆறு மணி இளவெயில் மனத்துக்கு இதமே தவிர, இந்தச் சத்தை அது ஏறக்குறைய தருவதே இல்லை. தரையில் தங்கள் நிழல் தங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே பயன் தரும் நேரம். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் வெளிச்சம் வரும், சூடும் வரும், ஆனால் இந்தக் கதிர் வராது. நம் மாநிறமும் கருநிறமும் கதிரைச் சற்றுத் தடுப்பதால், வெளிர்நிறத் தோலினரைவிட நமக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில், முழங்கை வரையேனும் கையும் முகமும் வெயிலில் படுமாறு கால் மணி நேரம் கம்பெனி வாசலில் நடந்து வருவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தோல் எரியும் அளவுக்கு நிற்கத் தேவையில்லை. உணவில் முட்டை மஞ்சள் கரு, மத்தி மீன் ஆகியவற்றில் இந்தச் சத்து ஓரளவு உண்டு. ராகிக்களியும் கீரையும் சுண்ணாம்புச் சத்து தருவனவே தவிர, வைட்டமின் டி தருவன அல்ல. பால் பாக்கெட்டின்மீது செறிவூட்டலைக் குறிக்கும் நீல நிற முத்திரை இருந்தால், அதில் ஏ, டி ஆகிய இரண்டு வைட்டமின்களும் சேர்க்கப்பட்டிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் என்று வரையறுத்திருக்கிறது. தங்களைப் போல் பகல் முழுவதும் கூரைக்குக் கீழே உழைப்பவர்களுக்கு உணவும் இடைவேளை வெயிலும் போதாமல் போகலாம். அப்போது மருத்துவரைக் கேட்டு மாத்திரை உட்கொள்வதில் தவறில்லை.

தங்கள் கடிதத்தைப் படித்தபோது இன்னொன்றும் தோன்றியது. பல்லடம், சோமனூர் பக்கம் நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்கள் ஏராளம். நீண்டகால இரவுப் பணியைப் ‘புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புடையது’ என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் உறுதிசெய்தது. மனிதர்களிடம் கிடைத்துள்ள சான்று இன்னும் வரையறைக்குட்பட்டதுதான். ஆயினும் வைட்டமின் அளவைப் பற்றிக் கவலைப்படும் அதே அக்கறையோடு, ஷிப்ட் முறை மாற்றத்தையும் போதிய தூக்கத்தையும் பற்றித் தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. புற்றுநோய் வராமல் தடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாரம் ஒன்று எடுக்க வேண்டிய 60,000 யூனிட் மாத்திரையை இரண்டு மாதமாக நாள்தோறும் எடுத்திருக்கிறார். இப்போது வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி தாகம். என்ன செய்வது?
*வாசகி, தாராபுரம்*

பதில்: இந்த இதழ் தங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் தங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். மற்ற வாசகியரும் அறிந்துகொள்வதற்காக இங்கும் பதிக்கிறேன். அந்த மாத்திரையையும், சுண்ணாம்புச் சத்து மாத்திரை இருந்தால் அதையும் உடனே நிறுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், வைட்டமின் டி மூன்றையும் பார்க்க வேண்டும். அளவு மீறிய வைட்டமின் டி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். தாங்கள் எழுதியுள்ள வாந்தி, மலச்சிக்கல், தாகம் மூன்றும் அதன் அடையாளங்களே. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் பழுதடையவும் மனக்குழப்பம் ஏற்படவும் கூடும். இந்தச் சத்து கொழுப்பில் சேமிக்கப்படுவதால், மாத்திரையை நிறுத்திய பின்னும் அதன் விளைவு வாரக்கணக்கில் நீடிக்கும். எனவே வாந்தி நின்றதும் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. தங்கள் அம்மா எடுத்தது அதைப்போல் பதினைந்து மடங்கு. அம்மாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். நோய் வந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் செய்தது அது. மருந்துக்கடைக்காரர்கள் அட்டையின்மீது ‘வாரம் ஒன்று’ என்று தமிழில் பெரிதாக எழுதி, கிழமையையும் குறித்துக் கொடுத்தால் இத்தகைய விபத்துகளில் பெரும்பகுதி நேராமல் போகும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து, இப்போது லெட்ரோசோல் மாத்திரை எடுத்து வருகிறேன். மூட்டு வலி அதிகம். வைட்டமின் டி எனக்குத் தேவையா, தேவையில்லையா?
*வாசகி, பொள்ளாச்சி*

பதில்: தங்களுக்குத் தேவை. லெட்ரோசோல் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனைப் பெரிதும் குறைப்பதால் எலும்பு மெலியக்கூடும். ஆகவே வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்து இரண்டும் போதிய அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுப்பதும் தங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியே. எலும்பை உறுதிப்படுத்தும் ஊசி போடும் திட்டம் இருந்தால், அதற்கு முன்பே இந்தக் குறைவைச் சரிசெய்வது மிக முக்கியம். மூட்டு வலிக்காக லெட்ரோசோலைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பாமல் காப்பது அந்த மாத்திரைதான். வலியைப் பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் சொன்னால், மாற்று மாத்திரை உள்ளிட்ட வழிகள் உண்டு.

கேள்வி: எனக்கு 39 வயது. இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. மூன்று மாதமாக அப்படியே இருக்கிறது. சத்து மாத்திரை சாப்பிட்டால் கரைந்துவிடும் என்று அத்தை சொல்கிறார். சாப்பிட்டுப் பார்க்கலாமா?
*வாசகி, சத்தியமங்கலம்*

பதில்: அப்படிச் சாப்பிட்டுக் காத்திருந்து பார்க்கவே கூடாது, அம்மா. எந்த வைட்டமினும் கட்டியைக் கரைக்காது. மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவையே. ஆனால் தங்களுடையது எது என்பதைக் கையால் தொட்டுப் பார்த்து எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வலி இல்லை என்பது ஆறுதல் தரும் செய்தியும் அன்று, ஏனெனில் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கைப்பரிசோதனை செய்து, ஸ்கேனும் மேமோகிராமும் எடுத்து, தேவைப்பட்டால் ஊசி மூலம் சிறிது சதை எடுத்துச் சோதிக்கச் சொல்வார். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று ஊரில் சொல்வதைக் கேட்டுத் தயங்க வேண்டாம். அந்தச் சோதனை இல்லாமல் சரியான சிகிச்சையைத் திட்டமிடவே முடியாது. காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் வடிதல், தோல் தடித்து ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி விழுதல், அக்குளில் நெறி கட்டுதல் ஆகியவை தோன்றினாலும் இதேபோல் உடனே காட்ட வேண்டும்.

2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. நம் நாட்டில் பலர் நோய் முற்றிய நிலையிலேயே மருத்துவமனைக்கு வருகிறார்கள். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்ததால், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் இந்நோயால் இறப்பது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. கருவி இல்லாமல், விலையுயர்ந்த மாத்திரை இல்லாமல், பயிற்சி பெற்ற ஒரு கையால் கிடைத்த பயன் அது.

தங்கள் ஈரோடு மாவட்டத்திலேயே அரசின் புற்றுநோய்க் கண்டறியும் திட்டம் 2023 நவம்பரில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். அங்கு முதலில் காட்டி, கட்டி மூன்று மாதமாக இருக்கிறது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆதாரையும் குடும்ப அட்டையையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். தனியாகப் போகாமல் கணவரையோ அத்தையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.